கடலடிக் கரம்பை

பங்குனி வெயிலில் காரியாபட்டியில் போய் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது புழுதி. இரண்டாவதாக, அந்தப் புழுதியைக் கொஞ்சமும் லட்சியம் செய்யாமல் நின்று பேசிக்கொண்டிருக்கும் ஜனங்கள். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நெடுஞ்சாலையில், அருப்புக்கோட்டைக்கு முன்னால் வருகிற ஊர். என் பெரியம்மா வீடு அங்கேதான். கடலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்த நான், கடல் வாசனையே இல்லாத அந்த ஊருக்குப் போனது ஒரு கல்யாணத்துக்காக. ஆனால் கட்டுரையின் ஆரம்பம் எனக்கு அங்கேதான் கிடைத்தது. அதுவும் ஒரு வறண்ட கண்மாய்க்குள்!

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, “கரம்பை எடுக்கிறாக, வாய்யா போய்ப் பாத்துட்டு வருவோம்” என்று பெரியம்மா என்னைக் கிளப்பிக்கொண்டு போனாள். கரம்பை என்றால் பட்டணத்து நேயர்களுக்குப் புரியாமல் இருக்கலாம். மழைத் தண்ணீரோடு கண்மாய்க்கு வந்து, அடியில் படிந்து, இறுகிக் கிடக்கும் கறுப்பு வண்டல் மண்தான் கரம்பை. அதை அள்ளி வயலுக்குப் போட்டால் நல்ல உரம். ஷாம்பூ பாக்கெட்டுகள் பெட்டிக் கடையில் தொங்குவதற்கு முன்னால், எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைக்குத் தேய்த்துக் குளித்ததும் இதே மண்தான்.

ஒரு ஜே.ஸி.பி. இயந்திரம் வெட்டிப் போட்டிருந்த பள்ளத்தின் ஓரமாய்ப் பெரியம்மா உட்கார்ந்துகொண்டாள். வெட்டின சுவரில் பட்டை பட்டையாக நிறங்கள் தெரிந்தன. கையிலிருந்த குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

“இந்தா, இந்தக் கறுப்பு இருக்குல்ல, இது தண்ணி நெறைஞ்சு மாசக்கணக்குல அசையாம நின்ன வருசம். இந்த வெள்ளை மணலு, காட்டு வெள்ளம் அடிச்சுக்கிட்டு வந்தப்ப வந்தது. அதுக்கு மேல வெடிப்பு விட்டுக் கெடக்கு பாரு, அது மழையே இல்லாமப் போன வருசம்.”

எந்தக் கல்லூரியில் படித்தாள் இதை? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், நான் எழுத எடுத்து வைத்திருந்த விஷயமும் இதுவேதான். கடலுக்கு அடியில் படிந்து கிடக்கும் வண்டலை வெட்டிப் பார்த்து, எந்த வருஷம் யார் எந்தக் கழிவைக் கொட்டினார்கள் என்று கண்டுபிடிக்கிற வித்தை!

விஷயத்தைச் சொன்னேன். பெரியம்மா சிரித்தாள். “அங்கிட்டுச் சமுத்திரம், இங்கிட்டுக் காரியாபட்டி. நமக்கு என்னப்பா அதுல?” என்றாள். ஒரு நிமிஷம் கழித்து அவளே, “ஆமா, நான் துணி தொவைக்கிற தண்ணியெல்லாம் எங்கிட்டுத்தான் போகுது?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டு, நாம் கடலுக்குப் போய் வருவோம்.

நம் நாட்டில் ஓடும் ஆறுகளில் பெரும்பாலானவை கடைசியில் கடலுக்கே கணக்கு ஒப்பிக்கின்றன. காரியாபட்டிச் சீமையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் குண்டாறுகூட, வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடந்தாலும், திருச்சுழியைத் தொட்டு, கமுதியைத் தாண்டி, வெள்ளக் காலத்தில் மன்னார் வளைகுடாவைப் பார்த்துத்தான் ஓடுகிறது. ஆறு கொண்டுவரும் மண், சாம்பல், புகைக்கரி, எண்ணெய், சோப்பு நுரை எல்லாம் கடலில் கலந்தவுடன் மறைந்து போவதாக நமக்கு ஒரு நினைப்பு. மேலே தண்ணீர் நீலமாகத்தானே இருக்கிறது! ஆனால் அவற்றில் தண்ணீரில் கரையாத சமாசாரங்கள் நுண்ணிய களிமண் துகள்களைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். அடியில் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் படிவு ஏறிக்கொண்டே போகும். பழையது கீழே, புதியது மேலே.

அடி வண்டலுக்குள் ஓர் அங்குலம் இரண்டங்குலம் போனாலே பல இடங்களில் காற்று கிடையாது. எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் ஜாடியில் அடி மாங்காய் ஏன் கெடுவதில்லை? அதே காரணத்தால், மேலே இருந்தால் கிருமிகள் தின்று தீர்த்திருக்கக்கூடிய பொருள்கள், கீழே போய்ப் புதைந்துவிட்டால் பத்து இருபது வருஷமானாலும் பதவிசாக இருக்கின்றன.

ஆராய்ச்சியாளர்கள் படகிலிருந்து கனமான ஒரு குழாயைக் கடலுக்குள் இறக்குவார்கள். அது தன் கனத்தாலேயே வண்டலுக்குள் சொருகிக்கொள்ளும். மேலே இழுத்து, உள்ளிருப்பதைத் தள்ளினால், குழாய்ப்புட்டு வருகிற மாதிரியே உருளையாக வண்டல் வந்துவிடும். மாவும் தேங்காய்த் துருவலும் அடுக்கடுக்காகத் தெரிவதுபோல் அதிலும் அடுக்குகள் உண்டு. அதை ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, வில்லைக்கு ஒரு சீட்டு ஒட்டிப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள்.

சரி, ஒரு வில்லை எந்த வருஷத்தைச் சேர்ந்தது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் இயற்கை ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறது. பூமியிலிருந்து ரேடான் என்ற வாயு ஓயாமல் கசிந்து ஆகாயத்துக்குப் போகிறது. அது சிதைந்து, ஈயத்தின் ஒரு கதிரியக்க வகையாக மாறி, மழையோடும் தூசியோடும் திரும்பக் கீழே விழுகிறது. அதற்கு ஈயம் 210 என்று பெயர். வண்டலில் புதைந்த பிறகு அது சுமார் 22 வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். வட்டிக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிற மாதிரி, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து வயதைச் சொல்லிவிடலாம். சுமார் நூறு வருஷம் வரை இந்தக் கணக்கு நிற்கும். ஏரி வண்டலுக்கு இந்த முறையைப் பொருத்திக் காட்டி 1971-ல் வெளியான பேர் பெற்ற ஆராய்ச்சியில் முன்னால் நின்றவர்கள் நம்மவர்களே; பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். கிருஷ்ணஸ்வாமியும் தேவேந்திர லாலும். இது பள்ளிக்கூடப் புத்தகங்களில் இருக்கிறதோ என்னவோ, இருந்தால் நல்லது.

சரிபார்க்க இன்னொரு கணக்கும் உண்டு. வல்லரசுகள் ஆகாயத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த காலத்தில் ஸீஸியம் 137 என்ற தூசு உலகமெங்கும் விழுந்தது. அது உச்சத்துக்குப் போன வருஷம் 1963. வண்டலில் ஸீஸியம் எங்கே மிக அதிகமோ, அங்கே 1963 என்று பென்ஸிலால் எழுதிக்கொள்ளலாம்.

வண்டல் சாட்சி சொல்லி உலகத்தையே உலுக்கிய ஊர் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. மினமாட்டா என்று பெயர். மீன்பிடித்துப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைந்த சின்னஞ்சிறு விரிகுடா. 1950-களில் அங்கே பூனைகள் பைத்தியம் பிடித்தாற்போல் சுழன்று சுழன்று ஆடிச் செத்தன. பிறகு குழந்தைகளுக்குக் கை கால் விளங்காமல் போயிற்று, பேச்சு குழறியது. 1956-ல் அதை விநோதமான புது வியாதி என்று வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். தொத்து நோயோ என்று பயந்து, நோயாளி இருந்த வீடுகளை அக்கம்பக்கத்தார் ஒதுக்கி வைத்தார்கள். வியாதியின் கொடுமை போதாதென்று இது வேறு!

அந்த ஊரில் சிஸ்ஸோ என்ற கம்பெனியின் ரசாயனத் தொழிற்சாலை இருந்தது. அசிட்டால்டிஹைட் செய்வதற்கு அங்கே பாதரசத்தைப் பயன்படுத்தி வந்தார்கள். கழிவு நீர் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போயிற்று. குமமோட்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 1959-ல் கடலடிச் சேற்றை எடுத்துப் பார்த்தபோது, கால்வாய் வந்து விழும் வாயில் ஒரு டன் சேற்றுக்குச் சுமார் இரண்டு கிலோ பாதரசம் இருந்தது. அங்கிருந்து தள்ளித் தள்ளிப் போகப் போக அளவு குறைந்துகொண்டே போயிற்று. வாசலில் ஆரம்பித்துத் தெருவில் மங்கிப் போகும் கோலப்பொடித் தடம் யார் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லவும் வேண்டுமா? தண்ணீர் அன்றன்றைக்கு அலசிக்கொண்டு போய்விட்டது. சேறு மட்டும் போகவில்லை.

இவ்வளவு தெரிந்தும், அந்தப் பாதரச முறை 1968 வரை நடந்தது. தொழிற்சாலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பானிய சர்க்கார் ஒப்புக்கொண்டதும் அதே வருஷம்தான். பின்னால் 1977 முதல் 1990 வரை பதின்மூன்று வருஷம் பாடுபட்டு, சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேற்றை வாரியும் மூடியும், விரிகுடாவில் ஒரு பகுதியையே தூர்த்து நிலமாக்கினார்கள். சாட்சி சொன்னவுடன் தீர்ப்பு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இன்னொரு தரம் படிக்க வேண்டும்.

மினமாட்டாவில் கழிவு விடுகிற வாய் ஒன்றே ஒன்று. தேடுவதும் ஒரே பொருள். கோடிப் பேர் இருக்கிற பட்டணங்களின் கடற்கரையில் அப்படியா? ஆறு கொண்டுவந்தது, கப்பல் கொட்டினது, தொழிற்சாலை விட்டது, நம் வீட்டுச் சாக்கடை போட்டது எல்லாம் ஒரே சேற்றில் குழம்பிக் கிடக்கும். அதைப் பிரித்துச் சொல்ல, இன்னாரிடமிருந்துதான் வந்திருக்க முடியும் என்ற முத்திரை விழுந்த பொருளாகத் தேடுகிறார்கள். அது தண்ணீரில் கரையக்கூடாது. மண்ணைப் பற்றிக்கொள்ள வேண்டும். சீக்கிரம் அழியவும் கூடாது. இந்த லட்சணங்கள் எல்லாம் பொருந்திய ஒரு முத்திரை, சொன்னால் நம்பமாட்டீர்கள், உங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் டப்பாவில் இருக்கிறது!

சலவைத் தூளைத்தான் சொல்கிறேன். முன்காலத்தில் உவர்மண், சவுக்காரம், வெள்ளாவி என்று துணி வெளுத்தது. சவுக்காரம் தேங்காயெண்ணெய் மாதிரி எண்ணெய்களில் செய்வது. கிருமிகள் அதைச் சுலபமாகத் தின்றுவிடும். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு பெட்ரோலியத்திலிருந்து சலவைத் தூள் செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் வந்த தூளின் மூலக்கூறு, சீமைக் கருவேலம் மாதிரி கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. கிருமிகளால் அதில் வாய் வைக்க முடியவில்லை. விளைவு? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆறுகள் நுரை தள்ளின. பாலங்களுக்குக் கீழே மலை மலையாக நுரை! சில ஊர்களில் குழாயைத் திறந்தால் குடிதண்ணீரே நுரைத்துக்கொண்டு வந்ததாம்.

ஜனங்கள் கூச்சல் போட்டதும் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. கருவேலத்துக்குப் பதிலாகக் கரும்பு மாதிரி நேரான மூலக்கூறைச் செய்தார்கள். கிருமிகள் நுனியிலிருந்து கடித்துக்கொண்டே போய்த் தீர்த்துவிடும். அமெரிக்காவில் 1965-ல் இந்த மாற்றம் முடிந்தது. நம் நாட்டில் ஸர்ஃப் 1959-ல் வந்தது. 1969-ல் நிர்மா பிறந்து ஏழை வீட்டுக் கொடிக்கும் சலவைத் தூளைக் கொண்டுபோயிற்று.

இந்தத் தூளுக்கு மூலப்பொருளாக உள்ள எண்ணெய்க்கு அல்கைல் பென்ஸீன் என்று பெயர். நேரானது என்பதற்காக ‘லீனியர்’ என்று முன்னால் சேர்த்துச் சொல்வார்கள். எதிலிருந்து செய்கிறார்கள் தெரியுமா? மண்ணெண்ணெயிலிருந்து பிரித்த ஒரு பொருளும் பென்ஸீனும் சேர்ந்து! நாம் ஒரு காலத்தில் ஸ்டவ்வுக்கு ஊற்றிய அதே மண்ணெண்ணெய். சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் உள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் தொழிற்சாலை இதைத்தான் செய்கிறது. சலவைத் தூளாக மாற்றும்போது, மாறாமல் தப்பித்துக்கொள்ளும் மிச்சம் துளியூண்டு எல்லாத் தூளிலும் இருக்கும். சோறு வடித்தால் ஒன்றிரண்டு வேகாத அரிசி இருப்பதில்லையா, அப்படி. இந்தத் துளி தண்ணீரில் கரையாது. அழுக்கைப் பற்றிக்கொண்டு சாக்கடை வழியாக ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் போய் அடியில் தங்கிவிடும். இயற்கையில் எந்த மரமும் மீனும் இதை உண்டாக்குவதில்லை. ஆகவே கடலடியில் இது இருந்தால், வீட்டுக் கழிவு நீர் அங்கே வந்தது என்று பொருள்.

1983-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் டோக்கியோ விரிகுடாவின் அடி வண்டலில் இந்த எண்ணெயைக் கண்டு எழுதினார்கள். அதே வருஷம் அமெரிக்காவிலும் இதை வீட்டுக் கழிவின் அடையாளமாகக் காட்டி ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கீழ் வில்லைகளில் கருவேல ஜாதி, மேல் வில்லைகளில் கரும்பு ஜாதி என்றால், இரண்டுக்கும் நடுவே அறுபதுகளின் வருஷம் ஒன்று கோடு கிழித்தாற்போல் நிற்கிறது. எந்த ஊர்க் குடும்பத் தலைவி எப்போது புதுத் தூளுக்கு மாறினாள் என்று கடல் குறித்து வைத்திருக்கிறது. மளிகைக்கடைக்காரர்கூட இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதுவாரா என்பது சந்தேகம்.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். இந்த எண்ணெய் மொத்தம் இருபத்தாறு தினுசாக வருகிறது. கரும்பில் ஓர் இரும்பு வளையத்தைக் கோத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் வளையம் ஓரமாக இருக்கும், சிலவற்றில் நடுவில். வளையம் ஓரத்தில் இருந்தால் மறுபக்கம் நீளமாகக் கடிக்கக் கிடைக்கும். கிருமிகள் முதலில் அவற்றைத்தான் முடிக்கும். நடுவில் வளையம் உள்ளவை கடைசி வரை மிஞ்சும். ஆகவே இரண்டு ஜாதியும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தால், அந்தச் சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போய் வந்ததா, அல்லது பச்சையாக அப்படியே கடலில் விழுந்ததா என்பதே தெரிந்துவிடும். பச்சைச் சாக்கடையில் அந்த விகிதம் ஒன்றுக்குக் கீழே நிற்கும். கிருமிகளை விட்டுச் சுத்தம் செய்த நீரில் ஒன்றரையிலிருந்து மூன்று வரை ஏறும். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் ஆற்று, கடலோர வண்டல்களைப் பார்த்து 2004-ல் வெளியான ஆராய்ச்சி, பல இடங்களில் விகிதம் தாழ்ந்தே இருப்பதாகச் சொல்கிறது. அதாவது பச்சைத் தண்ணீர்தான். “எங்கள் நிலையம் நன்றாக ஓடுகிறது” என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். வளையம் எங்கே இருக்கிறது என்பதை யாராலும் மாற்றி எழுத முடியாது.

அடுத்த முத்திரையைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சாப்பிடும் நேரமாக இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். டாக்டர்கள் நம்மை மிரட்டும் கொலஸ்ட்ரால் இருக்கிறதே, அதில் ஒரு பங்கு மனிதக் குடலில் வாழும் நுண்ணுயிர்களால் கொப்ரோஸ்டனால் என்ற வேறொரு பொருளாக மாறி வெளியேறுகிறது. மனிதக் கழிவில் உள்ள இந்த இனப் பொருள்களில் சுமார் அறுபது சதவிகிதம் இதுவே. ஆடு மாடுகள் தழை தின்பவை. அவற்றின் முத்திரை வேறு. எனவே கரைக்கு வந்தது மாட்டுக் கொட்டகைக் கழிவா, மனிதக் கழிவா என்றுகூடப் பிரிக்கலாம். தண்ணீரில் குளோரின் போட்டால் கிருமிகள் செத்துவிடும்; கிருமிகளை மட்டும் எண்ணுகிற பரிசோதனையில் எல்லாம் சுகம் என்று வரும். கொப்ரோஸ்டனால் சாவதில்லை. சேற்றில் உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இனி நம் சென்னைக்கு வருவோம். ஆர். வெங்கடாசலபதி, எஸ். வீரசிங்கம், டி. ராம்குமார் என்ற மூவர் சென்னைக் கடலோர வண்டலில் பெட்ரோலிய எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து 2010-ல் வெளியிட்டார்கள். மிக அதிகம் எங்கே? கூவம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில். ஒரு டன் வண்டலுக்கு 39.76 கிராம். அடுத்தபடியாகத் துறைமுக வாய்க்கு வெளியே. மிகக் குறைவு திருவான்மியூர்ப் பக்கம், 1.88 கிராம்தான். ஒரே பட்டணம், ஒரே கடல், நடுவே சில மைல் தூரம். ஆனால் வித்தியாசம் இருபது மடங்கு! கூவத்தின் வாசனையைப் பற்றி நாம் ஹாஸ்யமாக எவ்வளவோ பேசியிருக்கிறோம். அந்த 39.76 ஹாஸ்யம் அல்ல.

2017 ஜனவரி 28-ஆம் தேதி விடியற்காலையில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பல், ‘பி.டபிள்யூ. மேப்பிள்’; மற்றது எண்ணெய்க் கப்பல், ‘டான் காஞ்சிபுரம்’. மோதின இடம் காமராஜர் துறைமுகத்தின் வாசல். விருதுநகர் ஜில்லாக்காரனான எனக்கு அந்தப் பெயரைச் செய்தியில் கேட்டதும் என்னவோ செய்தது. கடலில் எண்ணெய் எதுவும் கொட்டவில்லை என்றுதான் முதலில் தகவல் வந்தது. எர்ணாவூர்க் கரையில் போய் நின்றபோது, அலை அலையாகவே வரவில்லை. தார் காய்ச்சி ஊற்றினாற்போல் கறுப்பாக, கனமாக, சத்தமில்லாமல் வந்து பாறையில் ஒட்டிக்கொண்டது. இளைஞர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளிக் கை மாற்றினார்கள். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், “இது எங்க வலையில வந்த கறுப்பு இல்லப்பா, ஆனா வாங்க வர்றவங்க எங்களைத்தானே பாக்கறாங்க” என்றாள்.

அந்த அம்மாளுக்கு வேண்டியிருந்தது அனுதாபம் அல்ல, ருசு. கச்சா எண்ணெயிலும் உலை எண்ணெயிலும் ஹோப்பேன் என்ற ஒரு வகைப் பொருள்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் வாழ்ந்த நுண்ணுயிர்களின் உடற்கொழுப்பு, பாறைக்குள் வெந்து உருமாறி நின்றது. வெயிலுக்கும் அலைக்கும் லேசில் அழியாது. எல்லா எண்ணெயிலும் இருந்தாலும் விகிதம் ஊற்றுக்கு ஊற்று மாறும். எல்லா வீட்டுச் சாம்பார்ப் பொடியிலும் மிளகாய், மல்லி, வெந்தயம்தான். ஆனால் வாயில் வைத்ததும் இது அத்தை வீட்டுப் பொடி என்று சொல்லிவிடுகிறோமே! அதுபோல, கரையில் ஒட்டிய எண்ணெயையும், அடியில் போய்ப் படிந்ததையும், சந்தேகப்பட்ட கப்பலின் தொட்டியில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு முறை வெளிப்பட்டுவிடும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியபோதும், ‘யாருடைய எண்ணெய்?’ என்பதே முதல் கேள்வி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் அமர்வு தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

ஆனால் ஒரு பிடி சேற்றில் ஏதோ இருந்துவிட்டது என்பதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக்கூடாது. எங்கள் ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவகாசி மத்தாப்பூவின் பச்சை நிறத்துக்குப் பேரியம் உப்புதான் வெகுகாலம் காரணமாக இருந்தது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை போட்டது. கடலடியில் ஓரிடத்தில் பேரியம் அதிகமாக இருக்கிறது என்றால், “ஆ, பட்டாசு!” என்று கத்தலாமா? கத்தக்கூடாது. கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது, துளைக்குள் கனமான சேறு ஒன்றை ஊற்றுகிறார்கள். அந்தக் கனத்தைக் கொடுப்பது பேரைட் என்ற பேரியக் கல். வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும்முன் வெள்ளையாக ஒன்றைக் குடிக்கச் சொல்வார்களே, அதே பேரியம் ஸல்ஃபேட்! கரையாது, கனம், விழுந்த இடத்தில் கிடக்கும். அதனால் கிணறு தோண்டின கழிவு எதுவரை பரவியது என்பதற்கு உலகமெங்கும் பேரியத்தைத்தான் அடையாளமாகப் பார்க்கிறார்கள். ஆந்திராவில் மங்கம்பேட்டையில் வெட்டும் பேரைட் பல தேசத்து எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகிறது. இவை போதாதென்று, மனிதன் கை வைக்காமலே மண்ணிலும் பேரியம் கொஞ்சம் உண்டு. எனவே பட்டாசோ, எண்ணெய்க் கிணறோ, இயற்கையோ என்று நிதானமாகப் பார்த்துப் பேச வேண்டும். நல்ல சாட்சி என்றால் நிரபராதிக்கும் அது உதவ வேண்டுமல்லவா?

அதற்காகவே, உலோகங்களை அளக்கும்போது கூடவே அலுமினியத்தையும் அளக்கிறார்கள். களிமண்ணில் அலுமினியம் இயற்கையாகவே நிறைய இருப்பதால், அதோடு ஒப்பிட்டு, மிஞ்சி நிற்பதை மட்டும் சந்தேகப்படுவார்கள். மணலும் கரம்பையும் ஒன்றல்ல; கரம்பை எதையும் அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். புழுக்களும் நண்டுகளும் அடுக்குகளைத் தோண்டிக் கலைக்கும். இழுவை வலைகள் அடியைப் பிராண்டும். 2004-ல் சுனாமி வந்து பல இடங்களில் ஏட்டுப் பக்கங்களையே புரட்டிப் போட்டுவிட்டது. இத்தனைக்கும் ஈடு கொடுத்துப் படித்தால்தான் படிப்பு.

நம் சர்க்கார் 1991 முதல் கடலோரத் தண்ணீரையும் வண்டலையும் முறையாகப் பரிசோதித்து வருகிறது. சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் அந்தப் பொறுப்பைப் பார்க்கிறது. தண்ணீரைப் பரிசோதிப்பது அன்றைய தினத்துப் போட்டோ. வண்டலைப் பரிசோதிப்பது குடும்பத்து ஆல்பம். சலவைத் தூள், கொப்ரோஸ்டனால் போன்ற முத்திரைகளையும் ஒவ்வொரு ஆற்று முகத்திலும் வருஷம் தவறாமல் பார்த்து, அந்தந்தக் குப்பத்துப் பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுதிப் போட்டால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை. ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் இங்கிலீஷில் அச்சாவதோடு நின்றுபோனால், எர்ணாவூர் அம்மாளுக்கு என்ன பிரயோஜனம்?

இவ்வளவையும் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பெரியம்மாவுக்குச் சொன்னேன். மூலக்கூறு, ஈயம் 210 எல்லாவற்றையும் அவள் சுலபமாகத் தாண்டிவிட்டாள். கரும்பும் வளையமும் மட்டும் பிடித்துப் போயிற்று.

“அப்ப இந்தக் கரம்பையிலயும் என் சோப்புத்தூளு இருக்குமா?” என்றாள்.

“இருந்தாலும் நிற்காது, பெரியம்மா. நம் கண்மாய் வருஷா வருஷம் காய்ந்து வெடிக்கிறது. காற்றுப் பட்டதும் கிருமிகள் வந்து தின்றுவிடும். கடலடியில் காற்று கிடையாது, அதனால்தான் அங்கே அப்படியே தங்குகிறது” என்றேன்.

“நான் வாக்கப்பட்டு வந்தப்ப உவர்மண்ணும் சவுக்காரமும்தான். பெரியவன் பள்ளிக்கூடம் போற காலத்துலதான் உங்க பெரியப்பா முத முதல்ல பவுடர் வாங்கிட்டு வந்தாக. வாளி நெறைய நுரை! அதை அள்ளி அள்ளிப் பிள்ளைக வெளையாடுச்சுக” என்றாள். சொல்லிவிட்டு எழுந்தவள், வீட்டுப் பக்கம் போகாமல் கரையோரமாய் நடந்தாள். நானும் பின்னால் போனேன். தெருக்கோடிச் சாக்கடை ஒன்று வேலிக்காத்தான் புதருக்குள் நுழைந்து கண்மாயின் கிழக்கு மூலையில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வாய்ப்பக்கம் வெள்ளையாக நுரை ஒதுங்கியிருந்தது. பெரியம்மா குனிந்து சற்று நேரம் பார்த்தாள்.

திரும்பி வந்து, இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த பையனிடம், “ஏ ராசா, எனக்கு ஒரு சட்டி கரம்பை வேணும், தலைக்குத் தேய்க்க. அந்தக் கெழக்க வேண்டாம், மேக்கால வெட்டிக் குடு” என்றாள்.